கீழே வரச் சொன்ன குரல்

லுகன்வில் ஊர் முழுக்கச் சாம்பல் தூவிக் கிடந்தது. துணி உலர்த்தியவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். கடைக்காரர்கள் மீன் டின்களைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், கடைசியில் சாம்பலோடேயே விற்றார்கள். கடலுக்கு அப்பால் தவாலா தீவின் மலை பகலெல்லாம் புகைந்துகொண்டிருந்தது. அந்தத் தீவில் பிறந்த எஸ்லினுக்கு மட்டும் சன்னல் பக்கம் திரும்பவே மனம் வரவில்லை. அவளுடைய அம்மாவும் அண்ணன் குடும்பமும் அந்த மலையின் மேல்பாதியில், நரோவா என்ற சின்னஞ்சிறு ஊரில் இருந்தார்கள். கீழ் ஊர்க்காரர்கள் எல்லோரும் கப்பலேறி வந்துவிட்டார்கள். நரோவாவிலிருந்து ஒரு குஞ்சு கூட இறங்கி வரவில்லை.

அவர்களை இறங்கச் சொல்வது எஸ்லினின் குரல்தான் என்பது இதில் வேடிக்கை.

பேரிடர் அலுவலகத்தின் பின்கட்டில், பிரிஸ்பேனிலிருந்து வந்த க்ளென் என்பவன் ஒரு பேசும் இயந்திரத்தை உருவாக்கியிருந்தான். அது தானாகவே ஜனங்களுக்குப் போன் போடும், சேதி சொல்லும், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லும். நாட்டுக்கே பொதுவான பிஸ்லாமா மொழியில் மட்டுமல்ல, தீவுக்குத் தீவு மாறும் மொழிகள் பலவற்றிலும் பேசும். பிஸ்லாமா தெரியாத ஆள் யார், எதற்கு இந்த வீண் செலவு என்று முணுமுணுத்த அதிகாரிகள் உண்டு. ஆனால் தலைக்கு மேல் மலை உறுமும்போது தாய்மொழியில் சொன்னால்தான் காலில் உறைக்கும் என்றான் க்ளென். அந்த விஷயத்தில் அவன் சொன்னது சரிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

தவாலா மொழிக்குக் குரல் கொடுக்க லுகன்வில்லில் அகப்பட்டவள் எஸ்லின். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவளைக் கூட்டிவந்து, வெளிச்சத்தம் புகாமல் சுவரெல்லாம் கம்பளி ஒட்டிய அறையில் உட்காரவைத்து, வாரக்கணக்கில் வாசிக்கவைத்தார்கள். இயந்திரம் அவள் குரலை அப்படியே பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்குவதை மட்டும் கற்கவில்லை. அதனால் எத்தனை நீளமாகப் பேசினாலும் அலையில்லாத தண்ணீர் மாதிரி ஒரே மட்டமாகப் போகும்.

"எங்க ஊர் ஆம்பளைங்க என் குரலைக் கேட்கக் கூடாது, க்ளென்," என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். "நரோவால இருக்கிற ஆம்பளைங்க எல்லாரும் எனக்கு அண்ணன் தம்பி முறை."

"நீயா பேசப்போற? மெஷின்தானே பேசுது," என்று சிரித்தான் அவன்.

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், நியாயமாகப் பட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். சம்பளமும் தபால் அலுவலகத்தை விடக் கூடுதல்.

தவாலாவில் பெண் வயதுக்கு வந்த நாளோடு அண்ணன் தங்கை பேச்சு முடிந்தது. அது சண்டையல்ல, மரியாதை. பாதையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் புதருக்குள் ஒதுங்கி முதுகைக் காட்டி நிற்பார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அண்ணியிடம் சொல்ல வேண்டும், அண்ணி அண்ணனிடம் சொல்வாள். எஸ்லினின் அண்ணன் தாரி அவளோடு பேசாத இத்தனை வருடத்தில், ஆற்றில் பிடித்த இறாலில் பெரியவற்றை இலையில் சுற்றி அவள் வாசலில் வைக்காமல் போன பருவம் கிடையாது. அவள் லுகன்வில்லுக்குக் கப்பலேறிய அன்று, பலா மரத்தடியில் அவளுக்கு முதுகு காட்டி நின்றவன், கப்பல் கண்ணுக்கு மறையும்வரை அப்படியே நின்றான் என்று அண்ணி மோனிக் பிறகு சொன்னாள். அந்த முதுகை நினைத்து எஸ்லின் கப்பலிலேயே அழுதாள்.

நரோவாவில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில். அங்கே ஒரு கட்டையில் மாட்டியிருக்கும் ஊர்ப் போன் தாரியின் பொறுப்பு. போனைக் காதில் வைக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை, அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவான்.

முதல் இரண்டு மூன்று அழைப்புகளை அவன் எடுத்தவுடனே வைத்துவிட்டான். பதிவானவற்றைக் கேட்டுப் பார்ப்பது எஸ்லினின் வேலை. "யாரு?" என்று அண்ணன் கேட்கிறான். அவள் குரல் பேசத் தொடங்குகிறது. சட்டென்று ஒரு மூச்சு, பிறகு ஒன்றுமில்லை. அந்த மூச்சைக் கேட்டு அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. நடு ஊரில் தன் பாவாடை அவிழ்ந்துவிட்டது போல் வெட்கப்பட்டாள்.

"சிக்னல் சரியில்ல போல," என்றான் க்ளென். "எடுக்காத நம்பருக்கு அடிக்கடி கூப்பிடச் சொல்லி மாத்தியிருக்கேன். விடாம கூப்பிட்டா ஒரு நாள் பேசுவாங்க."

"சிக்னல் இல்ல க்ளென், அது என் குரல்."

"நல்ல குரல்! மத்த ஊர்ல எல்லாம் உன் குரலைக் கேட்டுத்தானே இறங்கினாங்க?"

மற்ற ஊர்களில் போனை எடுத்தவர்கள் பெண்கள், அல்லது வேறு வம்சத்து ஆண்கள். இவள் அவர்களில் யாருக்கும் தங்கை இல்லை. இதை விளக்கி இவன் மண்டையில் ஏற்றுவதற்குள் மலையே வெடித்துவிடும் என்று விட்டுவிட்டாள். அப்படி விட்டது பெரிய பிசகு.

மறுநாள் காலை அவள் வந்ததும் வராததுமாக க்ளென் நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தான். "எஸ்லின், உங்க ஊரு பேசிடுச்சு! இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் நீளமான பேச்சு. வா, கேளு!"

அவன் தவாலா மொழியில் ஒரு சொல் அறியாதவன். பேச்சு நீண்டால் வெற்றி என்பது அவன் கணக்கு. ஆளைப் பேச்சில் பிடித்து வை, மறுத்துப் பேசாதே, முடிந்தவரை ஆமாம் போடு என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவனும் அவனே. மறுத்துப் பேசினால் ஜனங்கள் போனை வைத்துவிடுகிறார்களாம்.

எஸ்லின் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"வணக்கம். கப்பல் காத்திருக்கு. கடற்கரைக்கு இறங்கி வாங்க," என்றது அவள் குரல்.

சேவல் ஒன்று கூவியது. யாரோ இருமினார்கள்.

"எஸ்லினு," என்றான் தாரி. சிறுமியாக இருந்தபோது அவன் கூப்பிட்ட அதே பெயர், அதே இழுப்பு. "எஸ்லினு, எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. இனிமே உன்கூடப் பேசலாம், தப்பில்ல. இல்லையா?"

"ஆமாம், பேசலாம். சொல்லுங்க."

"எப்படிம்மா செத்துப்போன? காய்ச்சலா?"

"அதைப் பத்தித் தகவல் இல்லை. கப்பல் காத்திருக்கு. கடற்கரைக்கு இறங்கி வாங்க."

"அப்பா உன்கூட இருக்காரா?"

"ஆமாம், இருக்கார். எல்லாரும் பத்திரமா இருக்காங்க. நீங்கதான் பாக்கி. இறங்கி வாங்க."

பின்னால் ஒரு கிழட்டுக் குரல் ஓலமிட்டது. "என்னையும் கூட்டிக்கிட்டுப் போடீ! என் கண்ணே, என்னை ஏண்டி விட்டுட்டுப் போன?"

"அம்மா, கிட்ட வராதீங்க! மோனிக், அம்மாவைப் பிடி," என்ற தாரி மறுபடி இவளிடம் திரும்பினான். "உனக்குப் பாய் விரிச்சாச்சு. அம்மா தலையை மழிச்சுக்கிட்டாங்க. கோரைப்பல் வளைஞ்ச பன்னி ஒண்ணு வச்சிருந்தேனே, அதையே உனக்காக வெட்டினேன், குறை வைக்கல. சின்ன வயசுல நீ ஆத்துல அடிச்சுக்கிட்டுப் போனப்ப முடியைப் பிடிச்சு இழுத்தது நான்தான், உனக்குத் தெரியுமா? அப்பான்னு நினைச்சுக்கிட்டிருந்த. அதைச் சொல்ல இத்தனை வருஷம் எனக்கு வாய் இல்ல." அவன் மூக்கை உறிஞ்சினான். "ஆனா நாங்க வர முடியாதும்மா. புள்ளைங்க இருக்கு. நீ கூப்பிடற பக்கம் நாங்க வரமாட்டோம். கோச்சுக்காத."

"நன்றி. வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?" என்றது அவள் குரல்.

எஸ்லின் காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். அப்பா இறந்து நாலைந்து வருடமாகிறது, நரோவாவுக்கு மேலே கிழங்குத் தோட்டத்து ஓரத்தில் புதைத்திருக்கிறது. உயிரோடிருக்கும் தங்கை அண்ணனிடம் வாய் திறந்து வா வா என்று அழைக்க மாட்டாள். செத்தவர்களுக்குத்தான் வெட்கமில்லை, கட்டுப்பாடில்லை. தனியாக இருக்கப் பிடிக்காமல் சொந்தக்காரர்களைக் கூப்பிடுவார்கள். அவர்கள் எந்தப் பக்கம் கூப்பிடுகிறார்களோ அந்தப் பக்கம் மட்டும் போகக் கூடாது என்பது தவாலாவில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும்.

கடற்கரைக்கு வாருங்கள் என்று செத்தவள் விடாமல் கூப்பிட்டிருக்கிறாள். அவர்களும் மலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"நிறுத்து அதை," என்றாள் எஸ்லின். "முதல்ல அதை நிறுத்து. நான் செத்துட்டேன்னு நினைச்சு எங்க அம்மா தலையை மழிச்சுட்டாங்க!"

அவள் சொல்லச் சொல்ல க்ளெனின் முகம் வெளுத்தது. கெட்டவன் இல்லை. நரோவாவுக்குப் போகும் அழைப்பை உடனே நிறுத்தினான், பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்தின் மூத்த ஊழியர் புலே உள்ளே வந்தார். மலை உச்சி ஏரியின் கரை கசிய ஆரம்பித்துவிட்டது, எந்த நேரமும் உடைந்து நரோவா பள்ளத்தாக்கில் சேறாக இறங்கும் என்று மலையைக் கண்காணிப்பவர்கள் சொல்லிவிட்டார்களாம். மேலே ஏறும் பாதையும் சரிந்துவிட்டது, ஆளனுப்ப வழியில்லை. இறங்குபவர்களுக்கு ஓடை வழியாக, ஊர்க்காரர்கள் மட்டும் அறிந்த ஒரு குறுக்குத் தடம் இருந்தது. கப்பல் தவாலா கரையில் நின்றது, இருட்டுவதற்குள் கிளம்பிவிடும்.

"மாமா, நீங்க பேசுங்க. ஆம்பளைக் குரல்னா நம்புவாங்க," என்றாள் எஸ்லின்.

புலே வேறு தீவுக்காரர். பிஸ்லாமாவில் அதட்டலாகவே பேசினார். மறுமுனையில் தாரி பொறுமையாகக் கேட்டான், பிறகு துக்கத்தோடு சிரித்தான்.

"குரலை மாத்திக்கிட்டு வந்திருக்கியா, எஸ்லினு? செத்தவங்களுக்கு எல்லாக் குரலும் வரும்னு பெரியவங்க சொல்லித்தான் வச்சிருக்காங்க. அதே பேச்சு, கீழ வா, கீழ வா. போம்மா, போய் நிம்மதியா இரு."

புலே போனைப் பார்த்து, "உங்க அண்ணன் என்னைப் பேயாக்கிட்டான்," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அவளே கூப்பிட்டாள். கட்டுப்பாடு, வெட்கம் எல்லாம் காற்றில் போகட்டும் என்று நினைத்தாள். ஆனாலும் வாய் திறக்கும்போது உடம்பு கூசியது.

"நான் உயிரோடதான் இருக்கேன்! கேட்டது என் குரல் இல்ல, மெஷின் பேசினது. அண்ணியைக் கூப்பிடுங்க, அண்ணிகிட்ட சொல்றேன்!"

"அவ மடியில கைக்குழந்தை இருக்கு. உன் பேச்சைக் கேட்க விடமாட்டேன்," என்றான் தாரி. "உயிரோட இருக்கேன்னுதான் செத்தவங்க எல்லாரும் சொல்வாங்க. என் தங்கச்சி உயிரோட இருந்தா என்கிட்ட பேசமாட்டா. அவ மானமுள்ளவ."

கத்தினால் பேய், கெஞ்சினால் பேய், அழுதாலும் பேய். அம்மா எங்கோ பின்னால் இருந்து, "என் புள்ள குரல்தானேடா, ஒரு வாட்டி பேசிக்கிறேன், குடுடா," என்று மன்றாடுவது கேட்டது. எஸ்லின் காதில் விழுந்தது, மனதில் பதியவில்லை. அவள் மனதில் ஓடியதெல்லாம் அண்ணன் சொன்ன ஒரே பேச்சு: நீ கூப்பிடுகிற பக்கம் நாங்கள் வர மாட்டோம்.

போனை வைத்தாள். பிறகு புலேயிடம் தான் செய்யப்போவதைச் சொன்னாள்.

அவர் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார். "நல்லா யோசிச்சியா, பொண்ணே? இதுவரைக்கும் மெஷின் பேசிச்சு. இப்ப நீயே செத்தவளா வாயைத் திறந்து பேசினா, அதை அழிக்க முடியாது. உங்க ஊர்ல உன்னை வாசல் ஏத்துவாங்களா?"

"அவங்க இருந்தாத்தானே மாமா வாசல்?"

அவள் கம்பளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அண்ணனுக்குப் பழகிய செத்தவளின் குரல், மூச்சே வாங்காத குரல். அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இயந்திரம் பேசியதை மறுபடி மறுபடி கேட்டு, இதுவரை இவளைப் போல் பேசிய அதைப் போல் இப்போது இவள் பேசிப் பழகினாள். நெஞ்சு முட்டக் காற்றை நிரப்பிக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாமல், மட்டமாக.

"யாரு?" என்றான் தாரி.

"தாரி," என்றாள். பிறந்ததிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. "கடற்கரையில காத்திருந்து அலுத்துட்டேன். அப்பாவும் நானும் மேல் தோட்டத்துக்கு வந்துட்டோம். இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வர்றோம். எல்லாரும் வீட்டுலயே இருங்க."

மறுமுனையில் யாரும் ஓடும் சத்தம் வரவில்லை. போதவில்லையோ என்று அவளுக்குப் பயம் வந்தது. பசித்த பேய் பிள்ளைகளைத் தூக்கும் என்று ஊரில் பயமுறுத்துவார்களே, அது நினைவுக்கு வந்தது. அதையும் சேர்த்தாள்.

"பசிக்குது," என்றாள். "ரொம்பப் பசிக்குது."

போன் கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு தாரியின் அலறல், "புள்ளைங்களைத் தூக்கு! மோனிக், ஓடு! கீழ, கீழ!" பன்றிகள் கத்தின, யாரோ சங்கை ஊதினார்கள், ஊரே ஓடும் காலடிச் சத்தம் ஸ்பீக்கரில் மடமடவென்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கி, விழுந்து கிடந்த போனில் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. எஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிரிப்பும் வந்தது. தன் கூடப்பிறந்தவர்கள் தன்னைக் கண்டு உயிருக்குப் பயந்து ஓடுவதைக் கேட்டு இந்த உலகத்தில் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மாலை மங்கும் நேரத்தில் கப்பலிலிருந்து ரேடியோவில் சேதி வந்தது. மலையிலிருந்து ஒரு கூட்டம் தலைதெறிக்க ஓடிவந்து கப்பலில் விழுகிறது, எல்லோரும் ஏதோ பேயைப் பற்றிப் புலம்புகிறார்கள் என்றார் மாலுமி. க்ளென் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தான். புலே தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். சற்று நேரத்துக்கெல்லாம் கடலுக்கு அப்பாலிருந்து நீளமான உறுமல் ஒன்று வந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நரோவா என்ற ஊர் அதோடு முடிந்தது.

மறுநாள் காலை எஸ்லின் துறைமுகத்துக்குப் போனாள். மறைவாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள், ஆனால் கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. நல்ல வெயிலில், காலடியில் நிழல் விழ, கப்பலிலிருந்து இறங்கும் பலகைக்கு எதிரே போய் நின்றாள். சாம்பல் பூசிய முகங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு பிள்ளையைத் தோளிலும் ஒரு மூட்டையைக் கையிலும் சுமந்துகொண்டு தாரி வந்தான்.

அவளைப் பார்த்ததும் அவன் கால் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான், நிழலைப் பார்த்தான், சாம்பல் தரையில் பதிந்திருந்த அவள் கால் தடத்தைப் பார்த்தான். பிறகு மூட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

எஸ்லினுக்கு நெஞ்சு நிறைந்தது. செத்தவளுக்கு யாரும் முதுகு காட்டி ஒதுங்க மாட்டார்கள். அது உயிரோடிருக்கும் தங்கைக்கு அண்ணன் கொடுக்கும் இடம். இந்த முதுகு போதும், இனி ஆயுசுக்கும் இவன் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் போதும் என்று நினைத்தாள்.

கைக்குழந்தையோடு வந்த மோனிக் அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள், கிள்ளியும் பார்த்தாள். "சுடுதே," என்றாள். "நீ உயிரோட இருக்கியா!"

"இருக்கேன் அண்ணி. அம்மா எங்க? பின்னாடி வர்றாங்களா?"

மோனிக் அவளைப் பார்க்கவில்லை, கணவனின் முதுகைப் பார்த்தாள். குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"நீ பேசினதை அத்தையும் கேட்டாங்க," என்றாள். "'என் புள்ள பசியோட வர்றா, அவ அப்பாவும் வர்றாரு, வீட்டுல யாருமில்லன்னா என்ன நினைப்பாங்க'ன்னாங்க. அடுப்புல வெந்த கிழங்கு லாப்லாப்பை இலையோட கட்டி எடுத்துக்கிட்டாங்க. நாங்க எல்லாம் கீழ ஓடறோம், அவங்க மேல் தோட்டத்துக்கு ஏறிப் போறாங்க. சிரிச்சுக்கிட்டே போனாங்க, எஸ்லின்."

கப்பல்காரர்கள் பலகையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ குழந்தைகளுக்கு ரொட்டி கொடுத்தார்கள். திரும்பி நின்றிருந்த தாரியின் தோள்கள் குலுங்கின. அவன் தலையைத் திருப்பாமலேயே மனைவியிடம் பேசினான்.

"நான் பின்னாடியே ஓடிக் கையைப் பிடிச்சு இழுத்தேன்னு அவகிட்ட சொல்லு, மோனிக். அம்மா கையை உதறிட்டாங்கன்னு சொல்லு."

மோனிக் அதை எஸ்லினிடம் திரும்பச் சொன்னாள்.